ஒற்றைக் கழுத்து

(சித்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



"உள்ளாட்சித் தேர்தலில் மக்கள் பங்கேற்பு" என்று தலைப்புக் கொடுத்து அழைத்தார்கள். அழைப்பிதழைப் பார்த்த என் மருமகள், "தவறாம ஓட்டுப் போடுங்கன்னு சொல்லிட்டு வரப்போறீங்க, அதுக்கு எதுக்கு மாமா ஒரு மணி நேரம்?" என்றாள். நியாயமான கேள்வி. ஆகவே அதை நான் சொல்லப்போவதில்லை. ஓட்டுப் போட வராதவர்களைத் திட்டி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். போடத் தயாராக இருந்தும் ஓட்டுச்சீட்டே கைக்கு வராதவர்களைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறேன். நம் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை.

நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். வாத்தியார் வேலையில் பாதி, தேர்தல் வேலை. 2013 ஜூலையில் பஞ்சாயத்துத் தேர்தலுக்குச் சித்தூர் மாவட்டத்தின் ஒரு சின்ன ஊருக்கு எங்களை அனுப்பினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். சர்பஞ்ச் போட்டியில்லாமல் வந்துவிட்டார். வார்டு மெம்பர்களிலும் ஒருவரைத் தவிர எல்லாரும் போட்டியில்லாமல் வந்துவிட்டார்கள். ஒரே ஒரு வார்டில் மட்டும் பங்காளிகள் இரண்டு பேர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒரு வார்டுக்காக ஒரு பெட்டி, ஒரு மைப்புட்டி, ஒரு போலீஸ்காரர், நாங்கள். காலை 7 மணிக்குத் தொடங்கினோம். பகல் 1 மணி வரை நேரம் இருந்தது. 10 மணிக்கெல்லாம் அநேகமாக எல்லாரும் வந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மற்ற வார்டுக்காரர்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டுக்கு வந்து, பந்தியில் இடமில்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி.

கடைசியாக ஒரு பாட்டி வந்தார். வெள்ளைச் சீட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நகரவில்லை. "ரெண்டு குடுப்பீங்களே சாமி, ரோஸ் சீட்டு எங்க?" என்றார். சர்பஞ்சுக்கான சீட்டு ரோஸ் நிறம். "சர்பஞ்ச் ஏகக்ரீவம் ஆயிடுச்சு பாட்டி" என்றேன். "யார் ஆக்கினது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டு வருஷம் தேர்தல் வேலை பார்த்தவனுக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏகக்ரீவம் என்பது தெலுங்குச் சொல் என்றாலும் இந்தப் பக்கத்துத் தமிழர் எல்லாருக்கும் பழக்கம். போட்டியின்றித் தேர்வு என்று நாம் யாரும் வீட்டில் சொல்வதில்லை. ஏகம் என்றால் ஒன்று, கிரீவம் என்றால் கழுத்து. ஊருக்கே ஒற்றைக் கழுத்து. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும் என்ற நல்ல அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஒற்றைக் கழுத்தாக இருந்தால் கயிறு கட்டுவதும் சுலபம் என்பது எனக்கு இப்போதுதான் படுகிறது.

ஏகக்ரீவத்தைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ராயலசீமையில் பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்து ஆறு மாசம் வரைக்கும் இரண்டு கட்சிக்காரர் வீட்டுக்குள் கொடுக்கல் வாங்கல் இருக்காது. கல்யாணத்துக்குப் போகமாட்டார்கள். போர் மோட்டாரை உடைப்பார்கள், மாமரத்தை வெட்டுவார்கள். அதற்குப் பயந்து பெரியவர்கள் உட்கார்ந்து, இந்தத் தடவை இவன், அடுத்த தடவை அவன் என்று பேசி முடித்த ஊர்களை நானே பார்த்திருக்கிறேன். அங்கே நிஜமாகவே பேச்சு நடந்தது. பெண்கள் வந்தார்களா, காலனிக்காரர்கள் வந்தார்களா என்று கேட்டால் கொஞ்சம் இருமல் வரும். அது வேறு.

இந்த இருமலுக்குத் தமிழ்நாட்டில் பெயர் உண்டு. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். நான்கும் 1996இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள். பத்து வருஷம் அங்கே தேர்தல் தேர்தலாக நடக்கவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆள் வராது, வந்து ஜெயித்தவரும் பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். ஊர் முழுக்க ஒரே முடிவு என்றுதான் அதற்கும் சொன்னார்கள். 2006 அக்டோபரில்தான் அந்த ஊர்களில் ஒழுங்காகத் தலைவர்கள் வந்தார்கள். அதே போல் ஒதுக்கப்பட்ட மேலவளவில் பதவியை விட்டுப் போகாமல் நின்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊர் ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், அதை யார் வாயிலிருந்து கேட்கிறோம் என்று பார்ப்பது நல்லது.

இங்கே ஆந்திராவில் அந்த ஒற்றுமைக்கு அரசாங்கமே விலை வைத்தது. 2021 ஜனவரியில் அறிவித்த தொகை: 2,000 பேருக்குக் குறைவான ஊர் ஏகக்ரீவமானால் 5 லட்சம், 5,000 வரை 10 லட்சம், 10,000 வரை 15 லட்சம், அதற்கு மேல் 20 லட்சம். முந்தைய ஆட்சிகளிலும் இந்தப் பரிசு வேறு வேறு தொகையில் இருந்ததுதான். ஒரு கட்சியின் தலையில் மட்டும் போட வேண்டாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ரோட்டுக்குப் பணம் கேட்டால் கிடைக்காது. போட்டி போடாமல் இருந்தால் கிடைக்கும். தேர்தலில் நிற்க ஆசைப்படுகிற இளைஞனை ஊரே திரும்பிப் பார்த்து, "உன்னால பத்து லட்சம் போச்சு" என்று சொல்லும். அவன் தலையில் விழுகிற பாரம் எவ்வளவு!

அந்த 2021 வருஷத்தை நம் மாவட்டம் மறக்காது. அப்போது சித்தூரும் திருப்பதியும் ஒரே மாவட்டம். 2022 ஏப்ரல் 4 அன்றுதான் பிரிந்தன. 2020 மார்ச்சில் தொடங்கிய உள்ளாட்சித் தேர்தலைக் கொரோனாவைக் காட்டி மாநிலத் தேர்தல் ஆணையர் ரமேஷ்குமார் தள்ளிவைத்தார். அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டு அவரையே நீக்கியது. மே மாதம் உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பிறகு அவர் நடத்துகிறேன் என்றார், அரசு வேண்டாம் என்றது. உச்சநீதிமன்றம் 2021 ஜனவரி 25 அன்று நடத்தச் சொன்னது. மாமியார் மருமகள் சண்டைக்குக்கூட இவ்வளவு சமரசம் பேசியிருக்க மாட்டார்கள்.

பஞ்சாயத்துத் தேர்தல் பிப்ரவரியில் நான்கு கட்டமாக நடந்தது. நான்கிலும் மாநில அளவில் 80 விழுக்காட்டைத் தாண்டி ஓட்டு விழுந்தது. ஓட்டுப் போட ஆள் வருவதில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் முதல் கட்டத்திலேயே சித்தூர் மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் ஏகக்ரீவம். குண்டூரிலும் நிறைய. இவ்வளவு எப்படி என்று சந்தேகப்பட்டு, அறிவிக்காமல் நிறுத்திவைக்கச் சொன்னார் ஆணையர். அந்த உத்தரவுக்கு எதிராகப் பேசியதற்காக, புங்கனூர் எம்.எல்.ஏ.வும் பஞ்சாயத்து ராஜ் அமைச்சருமான பெத்திரெட்டி ராமச்சந்திர ரெட்டி வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று ஆணையர் உத்தரவு போட்டார். அடுத்த நாளே உயர்நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. மக்கள் ஆட்சியில் திருப்தியாக இருக்கிறார்கள், அதனால் எதிர்க்க ஆளில்லை என்றது அப்போது ஆண்ட ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். மிரட்டி மனுவைப் பிடுங்கினார்கள் என்றது எதிர்க்கட்சியான தெலுங்கு தேசம்.

மார்ச் 10 அன்று நகரங்களுக்கு வந்தது. புங்கனூர் நகராட்சியில் 31 வார்டு. முப்பத்தொன்றும் ஏகக்ரீவம். ஒரு பூத்துகூடத் திறக்கவில்லை. சித்தூர் மாநகராட்சியில் 50 வார்டில் 37 ஏகக்ரீவம்; 13 வார்டில்தான் பெட்டி வைத்தார்கள். திருப்பதியில் 50இல் 22 ஏகக்ரீவம். 7ஆவது வார்டில், தன் கையெழுத்தை வேறு யாரோ போட்டு மனுவை வாபஸ் வாங்கிவிட்டார்கள் என்று வேட்பாளரே புகார் சொல்ல, அங்கே தேர்தல் நின்றுபோனது. மிச்சம் 27. சில வார்டுகளில் மீண்டும் மனுத்தாக்கல் செய்ய ஆணையர் வாய்ப்புக் கொடுத்ததையும் உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

அன்று மாநில நகர்ப்புறத் தேர்தலில் 62.28 விழுக்காடு வாக்குப்பதிவு என்று அறிவித்தார்கள். எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கிராமத்தைவிட நகரம் குறைவு என்று தலையங்கம் எழுதினார்கள். அந்தக் கணக்கில் புங்கனூர் எங்கே? வகுக்கும் எண்ணிலும் இல்லை, வகுபடும் எண்ணிலும் இல்லை. ஓட்டுப் போடாத சோம்பேறியையாவது விழுக்காட்டில் கணக்குப் பார்க்கிறோம். ஓட்டுப் போட முடியாதவன் கணக்கிலேயே வருவதில்லை. நான் கணக்கு வாத்தியார் என்பதால் இது என்னை ரொம்பவே உறுத்துகிறது.

அதே வருஷம், அதே மாவட்டம், குப்பம். நவம்பர் 15 அன்று அந்த நகராட்சிக்கு முதல் தேர்தல். சந்திரபாபு நாயுடுவின் சொந்தத் தொகுதி என்பதால் இரண்டு கட்சியும் மல்லுக்கட்டி நின்றன. வெளியூர் ஆட்களை இறக்கினார்கள் என்ற சண்டையும் நடந்தது. 25 வார்டில் 19 ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கு, 6 தெலுங்கு தேசத்துக்கு. வாக்காளர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள். புங்கனூர்க்காரனைவிடக் குப்பத்துக்காரன் பொறுப்பான குடிமகன் என்று யாராவது சொல்வீர்களா? அங்கே சீட்டில் இரண்டு சின்னம் இருந்தது. புங்கனூரில் சீட்டே இல்லை.

குப்பத்தையும் புங்கனூரையும் கட்சிக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டாம். கடப்பை மாவட்டத்துப் புலிவெந்துலாவில் 2025 ஆகஸ்டில் ஜில்லா பரிஷத் இடைத்தேர்தல் நடந்தது. பெட்டியைத் திறந்தபோது, முப்பது வருஷம் கழித்து ஓட்டுப் போடுகிறேன் என்று ஒருவர் எழுதிப்போட்ட துண்டுச் சீட்டு உள்ளே இருந்ததாகச் செய்தி வந்தது. அந்தத் தேர்தலே மோசடி என்று அதற்குள் எதிர்க்கட்சியாகிவிட்ட ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸார் சொன்னார்கள். ஆட்சி மாறினால் புகார் சொல்பவரும் மாறுகிறார். சீட்டு எழுதியவர் மட்டும் அப்படியே இருக்கிறார்.

திருப்பதிக்கு வருவோம். அங்கே கதை இன்னும் பழையது. நகராட்சியாக 1886இல் தொடங்கிய ஊர். 2007 மார்ச்சில் மாநகராட்சி என்று பெரிய பட்டம் கொடுத்தார்கள். மாநகராட்சிக்கு முதல் தேர்தல் 2021இல். பதினாலு வருஷம். உள்ளாட்சி சபையின் காலம் ஐந்து வருஷத்துக்கு மேல் போகக்கூடாது, காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்பிலேயே 1993 முதல் எழுதியிருக்கிறது. 2014இல் மற்றப் பல ஊர்களுக்குத் தேர்தல் வந்தபோதும் திருப்பதிக்கு வரவில்லை. தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை காலேஜ் முடித்து நின்றபோது முதல் தேர்தல் வந்தது. வந்தும் ஏறக்குறைய பாதி வார்டில் ஓட்டு இல்லை.

திருப்பதிக்காரர்களிடம் கவுன்சிலர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த ஊரில் மேலே மலை, தேவஸ்தானம். கீழே ஊர், மாநகராட்சி. நாள்தோறும் பக்தர்கள் அறுபது எழுபது ஆயிரம் பேர் ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர், கழிவறை, குப்பை எல்லாவற்றின் பாரமும் ஊர்மேல் விழுகிறது. தேவஸ்தான பட்ஜெட்டில் ஒரு விழுக்காட்டை ஊர் வளர்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று 2023இல் அறங்காவலர் குழு தீர்மானித்தது, அரசு ஏற்கவில்லை. கோயில் காசு கோயிலுக்கே என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த விவாதம் நடந்திருக்க வேண்டிய இடம் மாநகராட்சிக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு யாரை அனுப்பினோம் என்று தெரியாத ஊரில் விவாதம் தொலைக்காட்சியில்தான் நடக்கும்.

அப்படி வந்த சபை எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதையும் பாருங்கள். 2021இல் 49 பேரில் 48 பேர் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், ஒருவர் மட்டும் தெலுங்கு தேசம். 2025 பிப்ரவரியில் துணை மேயர் தேர்தல் வந்தது. முதல் நாள் கோரம் இல்லை. கார்ப்பரேட்டர்கள் வந்த பஸ்ஸை மறித்துச் சண்டை. மறுநாள் ஓட்டெடுப்பு: தெலுங்கு தேசத்துக்கு 26, ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கு 21. ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்காமல் வந்தவருக்கு அந்த வீடுகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கூச்சமும் இருக்காது. இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று இல்லை.

நம் சித்தூருக்கு இன்னொரு துக்கமும் உண்டு. 2014இல் மாநகராட்சிக்கு முதல் தேர்தல் நடந்து மேயரான கடாரி அனுராதா 2015 நவம்பர் 17 அன்று மாநகராட்சி அலுவலகத்தில் தன் அறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கணவரும் தாக்கப்பட்டு இறந்தார். அன்று மாலை கடைகள் எல்லாம் சாத்தியிருந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்ணை நிற்கச் சொல்லும்போது அந்த அறையின் ஞாபகம் வராமல் இருக்குமா? ஓட்டுப் போடு என்று பயமில்லாமல் சொல்லிவிடலாம். நில் என்று சொல்வதற்கு ஊர் கூடவே நிற்க வேண்டும்.

இப்படிச் சொல்வதால் வாக்காளரை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். யாரும் மிரட்டாத, நிறையச் சின்னம் இருந்த சென்னையில் 2022 பிப்ரவரியில் 43.59 விழுக்காடு. ஐதராபாத்தில் 2020 டிசம்பரில் 46.55. இதற்குச் சமாதானம் சொல்ல எனக்குத் தெரியாது. சனி ஞாயிறு சேர்த்து லீவு கிடைத்தால் ஊட்டிக்குப் போகிறவர்கள், திங்கட்கிழமை சாக்கடை அடைத்தால் ட்விட்டரில் எழுதுகிறார்கள்.

ஆனாலும் அவர்கள் சலிப்புக்கும் காரணம் கொஞ்சம் உண்டு. உள்ளாட்சியில் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் கையில் என்ன இருக்கிறது? 2019இல் கிராம, வார்டுச் செயலகங்கள் வந்தன. ஐம்பது வீட்டுக்கு ஒரு வாலண்டியர். பென்ஷன் வாசல் தேடி வந்தது, என் அக்காவே வாங்கினார், நல்ல காரியம். ஆனால் சர்பஞ்ச் வீட்டுக்கு யாரும் போக வேண்டியதில்லாமல் போனது. நிதிக்குழுப் பணம் பஞ்சாயத்துக் கணக்குக்கு வந்த வேகத்தில் கரண்ட் பில் பாக்கிக்குப் பிடித்துக்கொள்ளப்பட்டது என்று கட்சி பார்க்காமல் சர்பஞ்சுகள் தெருவில் உட்கார்ந்தார்கள். பூட்டுச் சாவி இல்லாத பெட்டிக்குக் காவல்காரன் தேர்தல்.

உத்திரமேரூரைச் சொல்லாமல் தமிழ்ச் சொற்பொழிவு முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். பராந்தக சோழன் காலம், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், முப்பது குடும்பு, குடவோலை. அதை ஜனநாயகம் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குள் சீட்டுக் குலுக்கியது அது. ஆனால் அதில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவும் மறுபடி பெயர் எழுதக்கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய விதி. இன்றைக்குப் போட்டால் பாதி வார்டில் ஏகக்ரீவத்துக்குக்கூட ஆள் கிடைக்காது.

நம் மண்ணிலேயே இதற்குப் பெரியவர்கள் உண்டு. 1920இல் சென்னை மாகாணத்தில் இரட்டை ஆட்சி வந்தபோது உள்ளாட்சித் துறைக்கு அமைச்சரானவர் காளஹஸ்தியைச் சேர்ந்த ராமராயனிங்கார். பனகல் அரசர் என்று சென்னையில் பூங்காவாக நிற்கிறவர். அரசமைப்பு அவையில் 1948 நவம்பரில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு இடம் வேண்டும் என்று கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை ஆதரித்துப் பேசியவர் திருச்சானூரில் பிறந்த அனந்தசயனம் ஐயங்கார். திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போன 1960 எல்லை மாற்றத்தில்கூட, ஊரை அலகாக வைத்து ஊர் ஊராக மொழியை எண்ணித்தான் பிரித்தார்கள். அன்று ஒவ்வொரு ஊரையும் எண்ணியதால்தான் நாம் இந்தப் பக்கம் இருக்கிறோம், நம் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். எண்ணப்படுவது என்றால் என்ன என்று எல்லையூர்த் தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி நாம் செய்யக்கூடியது. பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை.

வாக்காளர் பட்டியலை இப்போதே பாருங்கள். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் பிரிக்கப்படுகிறது. 2021 பஞ்சாயத்துத் தேர்தலைப் பழைய பட்டியலை வைத்து நடத்தியதால் மாநிலத்தில் 3.6 லட்சம் இளைஞர்களுக்கு ஓட்டு இல்லை என்று நீதிமன்றம் வரை போனார்கள். வேலூரில் ஒன்று, சித்தூரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கிறவர்கள் இந்த அரங்கத்திலும் இருப்பீர்கள், ஒன்றை எடுத்துவிடுங்கள். பட்டியல் தெலுங்கில் இருக்கிறது என்று சாக்குச் சொல்ல வேண்டாம், பேரப்பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள்.

கிராம சபைக்குப் போங்கள். 2024 ஆகஸ்ட் 23 அன்று மாநிலத்தின் 13,326 ஊராட்சிகளிலும் ஒரே நாளில் கிராம சபை நடத்தினார்கள். ஒரு ஊரில் நானும் போய் உட்கார்ந்தேன். ஷாமியானா, மைக், வரவேற்பு, போட்டோ. ஒரு பெண் எழுந்து, ஏரி வேலைக்குப் போனதற்குக் கூலி வரவில்லை என்றார். அதன்பிறகுதான் கூட்டம் கூட்டமாக ஆனது. அந்தப் பெண் தேர்தலில் நின்றால் நான் ஓட்டுப் போடுவேன். மூன்றாவது குழந்தை இருந்தால் உள்ளாட்சியில் நிற்கக்கூடாது என்று முப்பது வருஷமாக இருந்த தடையும் 2024 நவம்பரில் போய்விட்டது. நிற்கத் தகுதியானவர்கள் கூடியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாரும் ஓட்டுப் பதிவு நாளைக் காலண்டரில் குறித்துவைப்பார்கள். அதற்கு முன்னால் இன்னொரு நாள் இருக்கிறது. மனுவைத் திரும்பப் பெறுவதற்கான கடைசி நாள், பிற்பகல் 3 மணி. 2021இல் புங்கனூரின் தேர்தல் அந்த நாளோடு முடிந்துபோனது. அடுத்த தேர்தலில் அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வார்டுக்குப் பத்துப் பேராவது தேர்தல் ஆபீசுக்கு வெளியே வந்து நில்லுங்கள். கோஷம் வேண்டாம், கொடி வேண்டாம். நம் தெருவில் மனுப் போட்ட பையனோ பெண்ணோ உள்ளே போகும்போது யார் கூடப் போகிறார்கள், வெளியே வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றால் போதும். எனக்கு வயசாகிவிட்டது, ஆனாலும் சித்தூரில் நான் வருகிறேன். குடை கொண்டுவருகிறேன், வெயில் அதிகமாக இருக்கும்.